எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு

அன்புள்ள அக்கா,

எதிர்வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள், மன்னித்துவிடுங்கள். நேரில் வந்தால் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

அம்மா நன்றாக இருக்கிறாள். மூச்சுக்கு மிஷினை நம்பியிருப்பவர்கள் வீடு என்று அரசாங்கமே மாடியில் சோலார் பேனலும் பேட்டரியும் பொருத்திக்கொடுத்ததிலிருந்து, கரண்ட் போனாலும் அவளுடைய ஆக்சிஜன் மிஷின் நிற்பதில்லை. கண்மூடித் திறப்பதற்குள் பேட்டரிக்கு மாறிவிடுகிறது. எனக்கும் பயம் விட்டுப்போனது.

முன்பெல்லாம் கரண்ட் போனதும் உங்கள் தையல் மிஷினும் நின்றுவிடும். அளவு நாடா கழுத்தில் தொங்க ஓடி வருவீர்கள். இருவருமாக ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிலருகே நகர்த்தி அம்மாவுக்குக் குழாயை மாட்டுவோம். பிறகு கரண்ட் வரும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து சீண்டுவீர்கள். "என்னடி, உங்க வீட்டு முதல் பட்டதாரி! வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

அந்த இருட்டில்தான் எனக்குப் பேச வந்தது.

நேற்று மாலை தெருவே இருண்டது. எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. நீங்கள் வாசற்படிவரை வந்து, எங்கள் ஜன்னலைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டீர்கள்.

"மிஷின் ஓடினா அவ வரமாட்டாளாடி?" என்று அம்மா கேட்டாள். நான் குழாயைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த முறை கரண்ட் போகும்போது வாருங்கள் அக்கா. மிஷின் பாட்டுக்கு ஓடட்டும். விளக்கை நான் அணைத்துவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயில்லாப் பட்டதாரி