டி.வி. ரூமில் சிமெண்ட் மூட்டை

தேவனூர் நாடு,
கொல்லிமலை.
வைகாசி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தாரணிக்கு,

சங்கீதா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். திருப்பூரில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். மிளகு இந்த வருஷம் பரவாயில்லை. மரவள்ளியைப் பன்றி பாதி தோண்டிப் போட்டுவிட்டது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் கோகிலா பேச்சை எடுத்தால் நீ அழுகிறாய், நானும் அழுகிறேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது.

நம் வகுப்பு வாட்ஸப் குரூப்பிலிருந்து நான் ஏன் விலகினேன் என்று ரமேஷ்குமார் ஒரு கதை சொல்லியிருப்பான். கோகிலாவுக்கு ஊர் வாசலில் ஆர்ச் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லையாம். நடந்ததை நான் சொல்கிறேன்.

பஞ்சாயத்து டி.வி. ரூம் உனக்கு ஞாபகம் இருக்கும். டி.வி. போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. கோகிலா காலேஜ் முடித்து ஊருக்கே வந்த பிறகு, பத்தாவது பெயிலானவர்களை அங்கேதான் சாயங்காலம் உட்காரவைத்துப் படிக்கவைத்தாள். கல்யாணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் வந்தார்கள். வராதவர்களின் வீட்டுக்கே போவாள். "இன்னொருக்கா எழுதினா பேப்பரு கடிச்சா போடும்?" என்பாள். நானும் அவளும் கணக்கில் பெயிலாகி மூலையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சொன்ன அதே வார்த்தை. போன ஐப்பசியில் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுக்கச் சேந்தமங்கலம் போய்விட்டுத் திரும்பும்போதுதான் மழையில் வண்டி வழுக்கி விழுந்தாள். அவள் போட்ட விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவள் வரவில்லை.

தை மாதம் ரமேஷ்குமார் ஆர்ச் வேலையை எடுத்தான். சிமெண்ட் மூட்டை வைக்க இடம் வேண்டுமென்று பஞ்சாயத்தில் கேட்டு டி.வி. ரூம் சாவியை வாங்கிப் பூட்டினான். படிக்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். "ஆர்ச் முடியட்டும் சங்கீதா, அப்பறம் பாத்துக்கலாம். அவ பேருலதான பண்றம்" என்றான். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. ரெண்டு தூண் நிற்கிறது, அவ்வளவுதான். அவளுடைய போட்டோ போட்ட ஃப்ளெக்ஸை மட்டும் மூன்று தடவை மாற்றிவிட்டான். அதில் இவன் படம் அவள் படத்தைவிடப் பெரிசு.

பரீட்சை எழுதியவர்களில் மூன்று பேர் கணக்கில் பெயில். அதில் ஒருத்தி அருணா. கைக்குழந்தைக்காரி. பத்தாவது பாஸ் பண்ணினால் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போடலாம் என்று நம்பியிருந்தாள். அவள் புருஷன் ஆடிக்கு முன்னால் வரும் மறுதேர்வு வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டான். அதற்குமேல் படிப்புப் பேச்சே கூடாதாம்.

எனக்குத் தாங்கவில்லை தாரணி. ரமேஷிடம் மறுபடியும் போய்ச் சாவி கேட்டேன். நாளைக்கு என்றான். அந்த நாளை வரவே இல்லை. பிறகு நானும் அருணாவும் மற்ற ரெண்டு பேரும் பூட்டை உடைத்தோம். மூட்டைகளை வெளியே தூக்கி வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். அன்றைக்கே காற்றோடு மழை. தார்ப்பாய் பறந்து, நாலைந்து மூட்டை கல்லாகிவிட்டது. அவன் வந்து தெருவில் நின்று கத்தினான். "செத்தவளுக்கு மரியாதை பண்ண உடமாட்டீங்களா?" என்றான். அருணா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அந்த அக்கா இருந்தா முதல்ல பூட்ட உடைச்சிருக்குமுங்க" என்றாள். அவன் கல்லான மூட்டைகளை எண்ணிவிட்டுப் போனான். போய் அதையெல்லாம் குரூப்பில் எழுதினான்.

நான் கோகிலாவை அவமானப்படுத்திவிட்டேன் என்று அவன் எழுதியதற்கு யாரும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. நீ அதன் கீழே கும்பிடுகிற கைப் படம் போட்டிருந்தாய். எதைக் கும்பிட்டாய் தாரணி? அன்றைக்குத்தான் விலகினேன். அவளைப் பார்த்துத்தான் நாங்கள் முன்னுக்கு வந்தோம் என்று மாதா மாதம் அவளுடைய திதியன்று எழுதுகிறீர்கள். அவள் விட்டுப்போன இடத்தில் வந்து உட்கார ஒருத்தரும் இல்லை.

இப்போது ரூமில் உட்கார்ந்து படிக்கிறோம். தமிழும் சமூக அறிவியலும் நான் பார்த்துக்கொள்கிறேன். கணக்குதான் என்னால் ஆகவில்லை. நேற்று ஒரு கணக்கைப் போட்டு மூன்று விதமாக விடை வந்தது. அவர்கள் சிரிக்கவில்லை, அதுதான் வேதனை. போனில் சொல்லிக்கொடு என்று கேட்கலாம். இங்கே சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் சிக்னல் நிற்பதில்லை, உனக்கே தெரியும்.

எனக்கும் கோகிலாவுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் தேற்றிவிட்டவள் நீ. உங்கள் வீட்டுக் களத்தில் சாக்கு விரித்து உட்காரவைத்து, எங்கள் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தாய். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் "இது எங்க தாரணி சொல்லிக் குடுத்த வழி" என்றுதான் ஆரம்பிப்பாள். உன் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் உன் பேர் தெரியும்.

நேற்று சாயங்காலம் அருணா என்னிடம் கேட்டாள். "ஏனுங்கக்கா, அந்தத் தாரணி அக்காளும் செத்துப் போயிட்டாங்களா?"

இல்லை கண்ணு, திருப்பூரில் நல்லா இருக்கிறாள் என்றேன்.

"அப்பறம் ஏனுங்க வரல?" என்றாள்.

எழுதிக் கேட்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். கோபத்தில் நிறைய எழுதிவிட்டேன். கிழித்துப் போடாதே. கோகிலாவுக்குக் கிடைக்காத ஆயுசும் சேர்ந்து நீ நூறு வயசு இருக்க வேண்டும். அதில் நாலு ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்குக் கொடு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
சங்கீதா