ஒரு பிடி வாய்க்கரிசி

மகன் பிருந்தாபனுக்கு,

அண்டைக்கு அப்பாவின்ரை பெட்டியடியிலை நிண்டது நான், உன்ரை தங்கச்சி வேணுகா, உன்ரை மகள் சாரங்கா, கபோ சந்தையிலை அப்பாவோடை வேலைசெய்த மூர்கென், கடைசியா, ஞானஸ்நானம் எடுத்த நீ.

வாய்க்கரிசி போடச் சொன்னன். "ரோமச் சக்கரவர்த்தியின்ரை சிலைக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி போடமாட்டம் எண்டுதான் அந்தக்காலக் கிறிஸ்தவர்கள் உயிரை விட்டவை, அம்மா" எண்டாய்.

"அது சிலையடா. இது கொப்பர்" எண்டன்.

நீ போடாததைக்கூடப் பொறுத்தன். சாரங்கா அப்பப்பாவுக்கெண்டு அள்ளின அரிசியையும் தட்டிவிட்டாயே.

உன்ரை வீட்டு அரிசி ஒரு மணியும் இல்லாமல் அவர் கிடக்கிறார். நாளைக்குப் பெட்டியை மூடிப்போடுவினம். பிள்ளையை எண்டாலும் அனுப்பு, ராசா. உன்ரை சாமி கேட்டால், அந்தப் பாவம் கிழவிக்கு எண்டு சொல்லு.

அனுப்பாட்டில், உனக்கு ஞானஸ்நானம் தந்த பாஸ்டரை நான் நோகமாட்டன். சாகும்வரைக்கும் நான் மன்னிக்காத ஆள் ஒராள்தான்: பிருந்தாபன்.

அம்மா