மூன்றாம் நம்பர் மெத்தை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். என் கால்களின் நலத்தை நீயே படம் போட்டு ஊருக்குக் காட்டிவிட்டதால் அதைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது, துவைத்த சட்டையைத்தான் போடுகிறாயா என்பதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் எழுது. போனில் பேசினால் நீ 'ம்' கொட்டுவதோடு சரி, நானும் பாதியில் கோபப்பட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சிரி.

போன லீவில் நீ வந்திருந்தபோது நான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன், நீ வந்து என் பாதத்தையே உற்றுப் பார்த்தாய். முள் ஏதும் குத்தியிருக்கிறதா என்று பார்க்கிறாய், பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனேன். நீ என் காலையும் கழற்றிப் போட்ட செருப்பையும் போட்டோ எடுத்தாய். நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்களுக்கு உட்காரும் உரிமை வேண்டும் என்று படிப்புக்காகப் போஸ்டர் போடுகிறேன் என்றாய், நானும் நல்ல காரியம் என்று விட்டுவிட்டேன். போன வாரம் போஸ்டரை அனுப்பி எப்படி இருக்கிறது என்று கேட்டாயே, அதைத் திறந்து பார்த்தால் ஒரு காலி மர நாற்காலி, பக்கத்தில் நரம்பு புடைத்த என் இரண்டு கால்கள், ஊக்கு குத்தின என் செருப்பு. மேலே பெரிய எழுத்தில், "பதினோரு வருஷமா நாற்காலி விக்கிறேன். ஒரு நாள்கூட உக்காந்ததில்ல." நான் அலுப்பில் போனில் புலம்பினதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாய். முன்னாலேயே சொல்லியிருந்தால் நகமாவது வெட்டியிருப்பேன். அப்பா பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு, நாள் பூரா பஸ் ஓட்டுறேன், கொஞ்ச நேரம் நிக்க விடுங்கன்னு" என்றார். அவர் கஷ்டம் அவருக்கு.

எங்கள் முதலாளியின் சட்டம் உனக்குத் தெரியும். விற்கிற சரக்கில் வேலைக்காரர் உட்கார்ந்தால் அது பழைய சரக்கு. சோபாவும் நாற்காலியுமாகக் கடை நிறைந்து கிடக்கும், நாங்கள் நடுவில் தூண் மாதிரி நிற்போம். கட்டில் பகுதியில் நிற்கிற நெட்டைதான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கால் தாங்க முடியாமல் போனால் "மூணாம் நம்பர் மெத்தை இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பின்கட்டு குடோனுக்குப் போய், நிறுத்தி வைத்த மெத்தைகளுக்குப் பின்னால் அட்டைப் பெட்டி மேல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, சொல்லியிருந்தால் அதையும் போஸ்டர் போட்டிருப்பாய். முதலாளி தினமும் பத்துத் தடவை இதைக் கேட்டுக் கேட்டு, அந்த மெத்தைக்கு அவ்வளவு கிராக்கி என்று நம்பி மூன்றாம் நம்பர் மெத்தை முப்பது வரவழைத்துவிட்டார். அவை இன்னும் அங்கேயே நிற்கின்றன. எங்களுக்கும் மறைவு கூடினது.

இனிமேல்தான் கூத்து. தினமும் காலையில் கடை போனிலிருந்து வாடிக்கையாளர் குரூப்புக்குப் புதுச் சரக்கின் படங்களை அனுப்புவது என் வேலை. என் போன் பழசு, சின்னதாகத் தெரிகிறதே என்று உன் போஸ்டரை நான்தான் கடை போனுக்கு மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். மறுநாள் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனேன். நாற்காலி படமாகப் பார்த்துப் பார்த்துத் தொட்டேன், பத்தோடு பதினொன்றாக உன்னுடையதும் போய்விட்டது. எப்போதும் போடுகிற வரியையும் அடியில் போட்டேன்: "புதிய வரவு. நேரில் வந்து உட்கார்ந்து பாருங்கள்." நானூறு பேர் இருக்கிற குரூப். ஒருவர் விலை கேட்டார். ஒருவர் இதே மாடல் கறுப்பில் கிடைக்குமா என்றார். முதலாளி எந்த மாடல் என்று தெரியாமல் மேல்மாடி வரை தேடிவிட்டு, கடைசியில் படத்தைப் பெரிதாக்கி எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு படத்தில் இருந்த ஊக்கைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார்.

அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "தெரியாம அனுப்பிட்டேன், இதுல இருக்கிறது உண்மை இல்லன்னு குரூப்ல போடு. போடலேன்னா நாளையிலிருந்து வர வேணாம்" என்றார். போனைக் கையில் எடுத்தேன். இந்த வயதில் வேறு எவன் வேலை தருவான், அப்பா ஒருவர் சம்பளத்தில் உன் படிப்பு ஓடுமா என்றெல்லாம் மனசில் வந்தது. தெரியாமல் அனுப்பினேன் என்பது நிஜம், அதை எழுதிவிட்டேன். அடுத்த வரிக்கு விரல் வரவில்லை. நெட்டை என் பக்கத்தில் வந்து நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படம் தவறுதலாக வந்தது. படத்தில் இருப்பது உண்மை" என்று எழுதி அனுப்பிவிட்டேன். உனக்காக ஒன்றும் இல்லை, ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ளாதே. எனக்கே என் மேல் கோபம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் கடையில் கிடக்கிற என் டிபன் பாக்ஸையும் மாற்றுச் செருப்பையும் எடுத்து வரலாம் என்று போனேன். முதலாளி வாயைத் திறப்பதற்குள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா வந்துவிட்டார், குரூப்பில் இருக்கிறவர்தான். வாசகசாலைக்கு எட்டு நாற்காலி வேண்டுமாம். நாங்கள் அதிகம் விற்கிற வளைவு முதுகு நாற்காலியைக் காட்டி, சௌகரியமாக இருக்குமா என்று என்னிடம் கேட்டார். வேலை போன நிலைமையிலும் என் வாய் பழக்கத்தில் "பஞ்சு மேல உக்காந்த மாதிரி இருக்கும்மா" என்றது. "நீங்க உக்காந்து பாத்தீங்களா?" என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன். டீச்சரம்மாவும் அவரைப் பார்த்து, "இவங்க உக்காந்து பாத்துச் சொன்னாத்தான் வாங்குவேன்" என்றார். எட்டு நாற்காலி. முதலாளி பல் பிடுங்கினவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தேன். சனியன், நடு முதுகில் ஒரு கட்டை குத்துகிறது! பதினோரு வருஷமாக இதையா பஞ்சு பஞ்சு என்று இத்தனை குடும்பத்தின் தலையில் கட்டியிருக்கிறேன். "இத வாங்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். முதலாளிக்கு மயக்கமே வந்திருக்கும். பிறகு ஒவ்வொன்றாக ஏழு நாற்காலியில் உட்கார்ந்து, மூலையில் தூசி படிந்து யாரும் சீண்டாமல் கிடந்த ஒன்றைக் காட்டினேன். எட்டும் அதிலேயே போயிற்று.

அன்று சாயந்திரம் முதலாளி, என்னை வர வேண்டாம் என்ற பேச்சையே எடுக்காமல், பகுதிக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். விட்டுக்கொடுத்ததாக இருக்கக் கூடாதே, அதனால் "சரக்கைத் தெரிஞ்சிக்கிட்டாத்தானே விக்க முடியும்" என்று சொல்லி ஒவ்வொன்றிலும் 'பயிற்சி நாற்காலி' என்று சீட்டு ஒட்டியிருக்கிறார். ஆள் இல்லாத நேரத்தில் நாங்கள் மும்முரமாகப் பயிற்சி எடுக்கிறோம். மூன்றாம் நம்பர் மெத்தையை இப்போது யாரும் கேட்பதில்லை, திடீரென்று கிராக்கி விழுந்துவிட்டதே என்று முதலாளி கவலைப்படுகிறார். சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே, நாற்காலி விஷயத்தில் அம்மா இப்போது அனுபவசாலி. எல்லாச் சிறப்பும் பெற்று நன்றாக இரு. இதைக் கடையில் பயிற்சி நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பதினைந்தாம் தேதி உன் காலேஜ் கண்காட்சிக்குப் போஸ்டர் போகும் முன்னால், "ஒரு நாள்கூட உக்காந்ததில்ல" என்ற வரியை எடுத்துவிடு, இனி அது பொய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இங்கேயிருந்து பார்த்தால் கடைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எதிர்ச் செருப்புக் கடை தெரிகிறது. அங்கே ஒரு பெண் காலையிலிருந்து ஒரு காலை மாற்றி ஒரு காலாக நிற்கிறாள். நான் நின்ற வரைக்கும் அவள் என் கண்ணில் படவே இல்லை. அதனால் வரியை எடுக்காதே. இன்னும் ஒரு பிரதி எனக்கு அனுப்பு, இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு, தெரிந்தே அவளிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
போஸ்டரில் இருக்கும் கால்களுக்குச் சொந்தக்காரி,
உன் அம்மா