இடாவில் பிறந்த பிள்ளை

நான் கத்தினாலும் பொறுமையாகக் கேட்கும் என் அண்ணா,

எரிச்சலோடுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. என்றாலும் கோபம் வந்தால் உங்களிடம்தான் வரவேண்டியிருக்கிறது. வேறு யாரிடம் போவேன்?

முதலில் வீட்டுச் செய்தி. இந்த வெள்ளைக்கார நாட்டில், கிரவீன் என்ற ஊரில் சின்ன வீடொன்று வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலை. உங்கள் மகள் மாலாவுக்கு ஏழு வயதாகிவிட்டது, முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. எனக்கு இன்னும் படிப்பிக்கிற வேலை கிடைக்கவில்லை. நைஜீரியாவில், இடாவில், உங்களோடு இருந்து ஐந்து வருஷம் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேனே, அதெல்லாம் இங்கே கணக்கில்லையாம்.

போன மாதம் மாலாவின் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு ஆபிரிக்காவைப் பற்றி அரை மணித்தியாலம் பேசமுடியுமா என்று கேட்டார். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? முழு ஆபிரிக்காவும் எனக்குத் தெரியாது, இடாவில் பழகிய இகாலா மக்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். "நல்லது, சிங்கத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

நம்முடைய ஆட்கள் அதற்கும் மேல். அடுத்த தெரு அன்ரி தன் குசினியில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார். "உமக்கென்ன விசரே? சிலோனைப் பற்றிச் சொல்லுமன். பிள்ளை ஆபிரிக்காவில பிறந்ததெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியவேணுமே?" என்று கேட்டார். நான் அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். ஏன் பேசாமல் இருந்தேன், அண்ணா?

வகுப்பில் நைஜர் ஆறும் பெனுவே ஆறும் கலக்கிற இடத்தைக் கரும்பலகையில் கீறினேன். அதற்குக் கீழே ஆற்றங்கரையில் இடா. இகாலா அரசரை அத்தா என்பார்கள், அப்பா என்று பொருள் என்றேன். யாம் கிழங்கை அவித்து உரலில் இடித்துக் குழம்போடு சாப்பிடுவதைச் சொன்னேன். ஒருவன் கையை உயர்த்தி, சிங்கம் வீட்டுக்குள் வருமா என்று கேட்டான். நான் இருந்த காலத்தில் ஒரு சிங்கத்தையும் காணவில்லை, லொறி ஓட்டுகிற அப்பாக்களைத்தான் கண்டேன் என்றேன். டீச்சர் விட்டாரா? மேசையில் தயாராக வைத்திருந்த சிங்கப் படத்தைத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு என்னை யார் பார்த்தார்கள்? கையிலிருந்த சோக்கை இரண்டாக உடைத்துவிட்டேன்.

எப்படியாவது அவர்களைத் திருப்ப வேண்டும் என்று, சின்னப் பெண்பிள்ளைகள் பெரியவர்களுக்கு முழங்காலிட்டு வணக்கம் சொல்கிற வழக்கத்தைச் சொன்னேன். டீச்சருக்கு அது பிடித்துவிட்டது. மாலா அங்கேதானே பிறந்தாள், செய்து காட்டட்டும் என்றார்.

மாலா எழும்பினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்குத் தெரியாது, நான் சிலோன்" என்று இங்கிலீஷில் சொன்னாள். சிலோன் மண்ணில் அவள் கால் பட்டதே இல்லை, அண்ணா. டீச்சர் இன்னொரு தரம் கேட்டபோது, "அது வெட்கக்கேடு, மாமிதான் சொன்னவர்" என்றாள்.

ஓம், நான்தான் சொன்னேன். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவள் வந்த முதல் நாள். வாசலில் டீச்சரைக் கண்டதும், இடாவில் தன்னைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் செய்கிற மாதிரி, ஈரப் புல்லில் இரண்டு முழங்காலும் பட இருந்துவிட்டாள். நின்ற தாய்மார் சிரித்தார்கள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து, "எழும்படி, வெக்கக்கேடு. இனி இப்படிச் செய்யாத. எங்கயிருந்து வந்தனி எண்டு கேட்டால் சிலோன் எண்டு சொல்லு" என்றேன். நீங்கள் அப்போது நெஞ்சுவலியோடு இங்கத்தைய ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். என்ர மகள் இடாப் பிள்ளை என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமலே இருந்துவிட்டேன்.

டீச்சரோடும் அன்ரியோடும் கோபப்பட்டு என்ன பயன்? பிள்ளையிடமிருந்து அவள் ஊரைப் பறித்தவள் நான். அன்று பின்னேரம், இடா ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். பொய் சொன்னாளா, உண்மையாகவே மறந்துவிட்டாளா? இரண்டில் எது உங்களுக்குக் கூடுதலாக வலிக்கும்?

டீச்சரிடம் இன்னொரு அரை மணித்தியாலம் கேட்டு வாங்கியிருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை. மாலாவை ஒன்றும் செய்யச் சொல்லமாட்டேன். வகுப்புக்கு முன்னால், அவள் பார்த்துக்கொண்டிருக்க, நானே முழங்காலிட்டு டீச்சருக்கு வணக்கம் சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் உடனே எழும்பமாட்டேன், அண்ணா.

இடாப் பிள்ளையின் மாமி,
உங்கள் தங்கச்சி கமலா