திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து ஒரு வழி

செஞ்சி,
22-1-1945

என் பிரியமானவருக்கு,

பட்டாள ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. ஒற்றைக் காலோடு ஊர் திரும்ப மனமில்லை, நீ தாய்வீட்டுக்குப் போய்விடு என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை ஒருமுறைதான் படித்தேன்.

இந்த வருஷம் ஏரியெல்லாம் நிரம்பியிருக்கிறது. நான் உங்கள் சைக்கிளை ஓட்டக் கற்றுக்கொண்டேன். உங்கள் தங்கை லில்லிதான் வண்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தாள். நாலு தடவை விழுந்தேன். இரண்டு புடவை சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. நேற்று அவளைப் பின்னால் உட்காரவைத்து, நீங்கள் என்னை அழைத்துப் போன ஏரிக்கரைகள் வழியாகவே அவலூர்பேட்டை வரை மிதித்துவிட்டேன்!

ஏரி மதகருகில் காவலுக்கு நின்றிருந்த பாவாடை அண்ணன் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாம்மா, ஊட்டுக்காரரு வண்டிய நீ ஓட்டறே?"

"அவரு வரப்போறாரு அண்ணே. ஏத்திக்கினு வரணுமில்ல?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கரை சரிந்திருந்த இடத்தைக் காட்டி, "இங்க மட்டும் மெதுவா போ. அவர கெட்டியா புடிச்சிக்கச் சொல்லு" என்றார்.

எந்த ரயில் என்று எழுதுங்கள். திண்டிவனம் ஸ்டேஷனுக்கு நானே பெரிய ரோட்டு வழியாகச் சைக்கிளில் வருகிறேன். திரும்பும்போது ஏரிக்கரை வழியாகவே வருவோம்; அங்கிருந்து வரும் கரைகள் எனக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

உங்கள் மனைவி