நெஞ்சுக்குள் ஒரு துரை

2024 மே 6

என் நுரையீரலில் குடியேறியிருக்கும் கிருமிக்குப் பெயர் தெரிந்துவிட்டது. சூடோமோனாஸ். வெள்ளைக்கார துரை பெயர் மாதிரி இல்லை? பத்து வருட இருமலுக்கு இவர்தான் காரணமாம். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் நாங்கள் ஒற்றைக் காம்பராவில் நெருக்கியடித்துக் கிடக்கிறோம். துரை என் நெஞ்சில் பங்களா கட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டில் இலவசம், சோறு இலவசம், திட்டும் இலவசம். மாத்திரை மட்டும் முடிந்துவிட்டதாம், வெளியே வாங்கச் சொன்னார்கள். பாமசிக்காரன் விலையைச் சொன்னதும் இருமலே நின்றுவிட்டது.

மே 7

மாட்டை விற்கிறேன் என்கிறார் சின்னராசா. (வீட்டுக்காரர். நேரில் பெயர் சொல்லமாட்டேன், இங்கே யார் கேட்பது?) என்னைவிட அந்த மாட்டோடுதான் அதிகம் பேசுவார்.

“ஏங்க, மாடு பால் குடுக்குது. நான் சளிதான் குடுக்குறேன். வித்தா என்னையதான் விக்கணும்.”

“ஒன்னைய யாரு புள்ள வாங்குவா?”

நியாயம்தான். ஆனாலும் மாட்டை விற்க நான் விடவில்லை. தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் அந்தப் பால்தான் சோறு.

மே 15

மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குடிக்கிறேன். கையிலிருந்த காசுக்கு வாங்கிய ஒரு வார மருந்து இரண்டு வாரம் வரும். இந்த மூளைக்கு ஏன் யாரும் சம்பளம் தருவதில்லை?

மே 30

காய்ச்சல். சளியில் ரத்தம். கொழுந்துக் கூடையோடு மலையிலேயே உட்கார்ந்துட்டேன். பயமா இருக்கு — செத்துருவேனா?

ஜூன் 2

வார்டு. டொக்டர் அம்மா கத்தினார்: “பாதி பாதியா குடிச்சா கிருமி சாகாதும்மா, மருந்துக்குப் பழகிக்கும். இனி ஊசிதான்.”

துரைக்கு நானே பயிற்சி கொடுத்திருக்கிறேன். ஊசி மாத்திரையைவிடப் பல மடங்கு விலை. அதையும் வெளியேதான் வாங்க வேண்டும். சின்னராசா மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

ஜூன் 4

ஊசி வந்துவிட்டது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மாட்ட வாங்குன லிந்துலைக்காரன் நல்ல மனுசன். அடிக்க மாட்டான்” என்றார்.

ஜூன் 21

வீடு. லயத்து ஏற்றத்தில் மூச்சு வாங்க ஒரே ஒரு முறைதான் நின்றேன். துரை சாகவில்லையாம், அடங்கியிருக்கிறாராம். மறுபடி எழுந்தால்? விற்க இனி என்ன இருக்கு?

ஜூன் 23

காலி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சாணி குவிந்து கிடக்கிறது. அதை உரமாக்கி லீக்ஸ் பயிர் போடலாம் என்றார் சின்னராசா. இருவரும் மண்ணைக் கொத்தினோம். நான் இருமவே இல்லை. அவர்தான் வார்த்தைக்கு வார்த்தை மூக்கைச் சிந்தினார். தடிமனாம்.

“டொக்டரைப் பாக்கலாமாங்க?” என்றேன்.

“ஐயோ, போதும் தாயே!”