நிப்போத்தே

கொட்டாஞ்சேனை
06.06.2024

அன்பின் தங்கச்சி பிறிஜெற்,

நீ சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பயத்தில் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். என் போனுக்குப் பிள்ளை டில்ஷானிதான் காரியதரிசி, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதனால்தான் இந்தத் தபால்.

அவளை இத்தாலிக்குக் கூப்பிட நீ போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருக்கிறது. "மருமகள்" என்று நாங்கள் எழுதியதை இங்கே மொழிபெயர்த்தவர் "நிப்போத்தே" என்று போட்டிருக்கிறார். இத்தாலியனில் அண்ணன் மகளுக்கும் அதே சொல்தானாம், பேத்திக்கும் அதே சொல்தானாம். விசா கந்தோர்க்காரர் பேத்தி என்று எடுத்துவிட்டார். முப்பத்தொன்பது வயதுக்காரிக்குப் பதினேழு வயதில் பேத்தியா என்று சந்தேகம். உனக்கும் அவளுக்கும் டி.என்.ஏ. பரிசோதனை கேட்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் முப்பது வருடம் படிவங்களோடு மல்லுக்கட்டியவன் நான், இப்படி ஒரு சொல்லில் மாட்டியதில்லை.

பிள்ளைக்கு இது ஒரே சிரிப்பு. வெள்ளவத்தையில் இத்தாலியன் படிப்பிக்கும் சிஸ்டரிடம் ஓடிப்போய்க் கேட்டிருக்கிறாள். ரோமில் இருந்தவர் அல்லவா, ஒரு மணித்தியாலம் விளக்கியிருக்கிறார். லத்தீனில் நெப்போஸ் என்றால் முதலில் பேரன்தானாம், பிறகுதான் மருமகனுக்கும் வந்ததாம். ருமேனியாவில் இன்றைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே சொல். ஒல்லாந்தர் அதையே ஒன்றுவிட்ட சகோதரனுக்கும் வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ்காரனும் ஜெர்மன்காரனும் பேரனைக் கழற்றி விட்டார்கள். "எங்கட பாஷைதான் கெட்டித்தனம் அப்பா. பேத்தி வேற, மருமகள் வேற, பெறாமகள் வேற" என்று பெருமை பேசினாள். நானும் பல்லைக் காட்டினேன்.

அதோடு விட்டாளா? அந்தக் காலத்தில் சில பாப்பரசர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளை ஊருக்கு மறைக்க, நிப்போத்தே என்றுதான் சொல்லிக்கொண்டார்களாம். சிஸ்டர் சொன்ன இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, சுபோதினியைப் பார்த்து, "அப்ப நான் மாமிக்கு எந்த நிப்போத்தே அம்மா?" என்று கேட்டாள். பகிடிக்குத்தான் கேட்டாள். சுபோதினியோ அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடி மரமாக நின்றாள். பிள்ளை சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து என்னைப் பார்க்கிறாள், பிறகு கண்ணாடியைப் பார்க்கிறாள். உன் மூக்கு, பிறிஜெற். நாற்பது நாள் குழந்தையை எங்கள் கையில் தந்துவிட்டு நீ பிளேன் ஏறினாய். உன் பெயர் கெடக்கூடாது என்று தகப்பன் நான், தாய் சுபோதினி எனப் பதிவில் கையெழுத்து வைத்தேன். அதற்கு மறியலில் கம்பி எண்ணினாலும் எண்ணுவேன், அந்தப் பயம் பெரிதில்லை. பெற்றவள் நீ என்பதை அவள் ஒரு பரிசோதனைத் தாளில் வாசிப்பாளே, அதுதான் என் பயம்.

அடுத்த மாதம் பதினேழாம் திகதி இரத்தம் எடுக்கிறார்கள். மறிக்க எனக்கு வாய் வரவில்லை, உன்னிடம் வர அவளுக்கு அவ்வளவு ஆசை. அதற்கு முன் நீயே கூப்பிட்டுச் சொல்லு. எங்களுக்குத் தைரியமில்லை. பழியை என் மேல் போடு. அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நீ போனில் என்னிடம் அழுததையும் சொல்லு. உன்னை அம்மா என்று அவள் கூப்பிட்டால் சுபோதினி தாங்கிக்கொள்வாள், கேட்டுவிட்டேன்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். ஒன்றே ஒன்று, தங்கச்சி. நீ தாய் என்றால், முறைப்படி நான் அவளுக்கு மாமா. அதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதே.

உன் அண்ணன்,
ஒஸ்வால்ட்